அம்மா ஏன் கத்துகிறாள்?

வினுதா டீச்சர் கட்டுரை நோட்டில் சிவப்பு மையால் எழுதுவதை நிறுத்திவிட்டார். "எழுதினா ஒருத்தரும் படிக்கிறதில்ல. இனிமே பேசி அனுப்புறேன்" என்றார். அன்றிலிருந்து பிள்ளைகளின் வீட்டுப் போனுக்குக் குரல் செய்தி வந்தது.

தன்வி வீட்டில் ஒரே போன்தான். அதுவும் பகலில் மல்பே மீன் சந்தையில், அம்மா லோலாட்சியின் கூடைகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலை தன்வி அம்மாவுக்குத் தேநீர் கொண்டுபோனாள். அப்போது பார்த்துச் செய்தி வந்தது. அம்மாவின் கையெல்லாம் மீன் செதில். சுண்டுவிரலால் போனை அழுத்தினாள். டீச்சர் குரல் சத்தமாகக் கேட்டது.

"தன்வி, 'என் அம்மா' கட்டுரை படிச்சேன். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. அம்மா காலையில கத்துறாங்க, மதியம் கத்துறாங்க, ராத்திரியும் கத்துறாங்கன்னு எழுதியிருக்கே. ஆனா ஏன் கத்துறாங்கன்னு ஒரு வரிகூட இல்லையே! அதைக் கேட்டு எழுது."

மீன்காரப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். "லோலாட்சி, உன் புகழ் பள்ளிக்கூடம் வரைக்கும் போயிடுச்சு!" என்றாள் பக்கத்துக் கூடை கிரிஜா அக்கா.

அம்மாவும் சிரித்தாள். ஆனால் அதன்பிறகு அவள் கத்தவே இல்லை. "அயிலை... அயிலை..." என்று முணுமுணுத்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள். இரண்டு கூடையிலும் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

தன்விக்கு என்னவோ போல் இருந்தது. சட்டென்று எழுந்து நின்றாள்.

"அயிலை! விடியக்காலையில வந்த அயிலை!"

ஐஸ் உடைக்கும் மிஷின் அவள் குரலை விழுங்கிவிட்டது. இன்னும் பலமாகக் கத்தினாள். நான்காவது முறை தொண்டை கட்டிக்கொண்டது.

"வலிக்குதா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. உனக்கு?"

"தினமும்தான். வீட்டுக்கு வந்தாலும் இந்த மிஷின் காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்டி. நான் மெதுவாப் பேசுறதாத்தான் நினைச்சுக்குவேன்."

தன்வி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க கத்தும்மா. வீட்டுல சத்தம் கூடிப்போனா நான் கண்ணடிக்கிறேன்."

அம்மா எழுந்து நின்று ஒரு குரல் கொடுத்தாள். கூரைமேல் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. மதியத்துக்குள் இரண்டு கூடையும் காலி.

சாயங்காலம் தன்வி கட்டுரையைப் புதிதாக எழுதினாள். டீச்சரிடம் கொடுப்பதற்கு முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"கடைசியில 'பாவம் அம்மா'ன்னு எழுதியிருக்கே பாரு, அதை அடிச்சிரு. நான் என்ன பாவம்? ரெண்டு கூடை வித்தவடி!"

தன்வி அடித்தாள். "வேற?"

"மத்ததெல்லாம் நல்லாயிருக்கு. இன்னொரு தடவை படி" என்று அம்மா அருகே நகர்ந்து உட்கார்ந்தாள். "கொஞ்சம் கத்திப் படி!"