மூடு கேட்டை, இன்ஸ்பெக்டர்!

"மேடம்... மூட்டைக்கு அடியில ஒரு காலு!"

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் லாரியிலிருந்து குதித்தான். நம் பக்கம் வராமல், எதிர்ப்பக்கத்து கேட்டை நோக்கித் தலைதெறிக்க ஓடினான்.

இரண்டு நாடுகளுக்கும் நடுவே ஒரு மைதானம். இந்த முனையில் நம் கேட், அந்த முனையில் அவர்கள் கேட். சரக்கு லாரி மாறுவது இங்கேதான். மைதானத்துக்குள் நிற்கும் குற்றவாளி யாரானாலும் எந்த நாட்டுப் போலீசும் பிடிக்கலாம் என்பது ஒப்பந்தம்.

இன்ஸ்பெக்டர் லாரியில் ஏறி வெங்காய மூட்டைகளைப் புரட்டினாள்.

நம் ஊர் வெங்காய மண்டி முதலாளி மண்டியாரின் மேனேஜர்! கழுத்தில் கயிற்றுத் தடம்...

உச்சி வெயில். ஆனால் பிணத்தின் சட்டை மடிப்பில் கரையாத ஐஸ்! அடி மூட்டைகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

அடுத்த நாட்டு டிரைவர் கீழே கைகூப்பிக்கொண்டு நின்றான்.

"எனக்கு எதுவுமே தெரியாதும்மா. முத்திரை வாங்க ஆபீசுக்குப் போயிருந்தேன். என் பொண்ணு மேல சத்தியம்."

செல்போன் அலறியது. மேலதிகாரி.

"டி.வி. பார்த்தியா? அந்த நாட்டு டிரைவர் நம்ம ஆளைக் கொன்னுட்டான். அவனை இழுத்துட்டு வா. கேட்டை மூடச் சொல்லி மந்திரி உத்தரவு போட்டாச்சு."

"சார், பிணத்தை நானே இப்பதான் பார்க்கறேன். அதுக்குள்ள டி.வி.க்கு யார் சொன்னது?"



"...மண்டியார்."

"வெயில்லயே வந்த லாரி சார் இது. ஐஸ் எங்கேருந்து வந்தது? ஐஸ் ஃபேக்டரி அவரோடது. மூட்டை இறக்கறவங்க அவர் ஆளுங்க. பதுக்கின வெங்காயம் அவர் கிடங்குல மலையா கிடக்கு. கேட் மூடினா விலை எகிறும். அந்தப் பதுக்கலைப்பத்தி வாக்குமூலம் கொடுக்கறேன்னு மேனேஜர் நேத்துதான் என்கிட்ட வந்தான்."

"எனக்கும் தெரியும்மா. ஆனா நீ அவரைப் பிடிச்சா ஒரே போன்ல வெளிய வந்துடுவார். நீ தண்ணியில்லாக் காட்டுக்குப் போயிடுவ."

"போறேன் சார். அப்பாவியைத் தூக்குல ஏத்திட்டு எனக்கு இந்த நாற்காலி வேண்டாம்."

லைனைத் துண்டித்தாள்.  இன்னொரு எண்ணை அழுத்தி, தாழ்ந்த குரலில் ஏதோ பேசினாள். பிறகு டிரைவரிடம் எதிர் கேட்டைக் காட்டினாள்.

"நீ உங்க பக்கம் போ."

மண்டியார் கேமராக்கள் புடைசூழ வந்து சேர்ந்தார். வெங்காயம் உரிக்காமலே கண்ணீர் கொட்டியது.

"தம்பி மாதிரி வளர்த்தேனே... மூடுங்க அந்த கேட்டை! அவங்க சரக்கு ஒரு மூட்டை கூட இனி உள்ள வரக்கூடாது!"

"மூடிடலாம் முதலாளி, உத்தரவு வந்துடுச்சு. அதுக்கு முன்னால மைதானத்துக்குள்ள வந்து உடலை அடையாளம் காட்டிடுங்க."

"நானா?"

"உங்க தம்பி மாதிரின்னீங்களே."

கேமராக்கள் திரும்பின. வேறு வழியில்லை. லாரிவரை நடந்தார். துணியை விலக்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

திரும்பினால்... பக்கத்தில் இன்ஸ்பெக்டர் இல்லை!

அவள் வெளியே போயிருந்தாள்.

'டங்' என்று நம் கேட் சாத்திக்கொண்டது.

எதிர் கேட் திறந்தது. அந்த நாட்டு இன்ஸ்பெக்டர் விலங்கோடு வந்தார். கூடவே, சற்றுமுன் அலறி ஓடியவன்.

"இவர்தான் சார். ஐஸ் ஃபேக்டரியில வச்சுக் கழுத்தை இறுக்கினார். எங்களைத் தூக்கிட்டு வந்து போடச் சொன்னார். அடுத்தது நான்தான்னு பயந்துதான் இந்தப் பக்கம் ஓடிவந்தேன்."

மண்டியார் மந்திரிக்குப் போன் போட்டார். மந்திரி எடுத்தார், விலங்கைப் பற்றிக் கேட்டதும் வைத்துவிட்டார். அந்தப் பக்கத்துப் போலீசிடம் மந்திரியின் செல்வாக்கு செல்லாக் காசு.

கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

"திற! கேட்டைத் திறடி!"

"மந்திரி உத்தரவு முதலாளி. திறக்கணும்னா ரெண்டு நாடும் உக்கார்ந்து பேசணும்."

"அதுவரைக்கும் நான்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"உங்களை ஏற்றுமதி பண்ணியாச்சு. வரி கூடக் கிடையாது!"