கடைசி வரி இல்லாத கதை

"சீக்கிரம்டி! உங்கப்பா மாடிப்படி ஏறிட்டார்!"

தவளை கிசுகிசுத்தாள். எதற்கெடுத்தாலும் குதிப்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

அவள் தோழி குண்டூசி, அறிவிப்புப் பலகையின் கண்ணாடியை நகர்த்திக் கையை உள்ளே விட்டாள். கையில் கத்தரிக்கோல். பலகையில் இருந்த தாளின் அடியில் ஒரே வெட்டு. கடைசி வரி மட்டும் துண்டாக வந்தது.

அதை எங்கே ஒளிப்பது? சுருட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

"அய்யே! தின்னுட்டியா?"

"உன் டிபனைவிட மோசமில்ல."

அந்தத் தாளில் இருந்தது குண்டூசியின் அக்கா எழுதிய குட்டிக் கதை. வகுப்புப் பயிற்சியாக எழுதிக் கொடுத்ததை, அவளைக் கேட்காமலே டீச்சர் நேற்று சாயங்காலம் பலகையில் போட்டுவிட்டார். அதிலிருந்து அக்கா தலையணையை விட்டு முகத்தை எடுக்கவில்லை. இன்று பள்ளிக்கும் வரவில்லை.

"அப்பா மட்டும் அந்தக் கடைசி வரியைப் படிச்சிடக் கூடாது" என்று மட்டும் அக்கா சொல்லியிருந்தாள்.

அப்பாவுக்கு வேலையே இந்தப் பள்ளியில்தான். தினமும் மதியம் பலகைக் கண்ணாடியைத் துடைப்பவர் அவர். துடைத்துக்கொண்டே ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படிப்பார்.

முழுத் தாளையும் கிழித்திருக்கலாம். ஆனால், "என் பொண்ணு கதை போர்டுல வந்திருக்கு" என்று அப்பா காலையிலிருந்து பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாரே!

அப்பா வாளியில் தண்ணீர் பிடித்து வருவதற்குள், டீச்சர் இவர்கள் படிக்கும் ஆறாம் வகுப்பு முழுவதையும் பலகை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"குட்டிக் கதைதான். ஆனா சொல்லாம விட்டது நிறைய. அதைத்தான் நாம கண்டுபிடிக்கப் போறோம். தவளை, நீ படி."

தவளை தொண்டையைச் செருமினாள்.

*மழை நின்றிருந்தது. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர்.*

*"இந்தா, உன் குடை."*

*"நீயே வச்சுக்கோ."*

*"வேணாம்."*

*பஸ் வந்தது. அவள் ஏறினாள். அவன் ஏறவில்லை.*

*ஜன்னல் வழியே அவள் கேட்டாள்: "ஏன்?"*

தவளை நிறுத்தினாள். டீச்சர் தாளை உற்றுப் பார்த்தார்.

"இதுக்குக் கீழே அவன் சொன்ன பதில் இருந்துச்சே! யார் வெட்டினது?"

குண்டூசியின் கன்னம் மட்டும் உப்பியிருந்தது. டீச்சரின் பார்வை அங்கே வந்து நின்றது.

மடக். விழுங்கிவிட்டாள்.

"அந்த வரி இல்லாமலே நல்லா இருக்கு டீச்சர். அவளே அழுதுக்கிட்டுப் போறா. அவன் சொன்னதை நாமளும் வேற கேக்கணுமா?"

"அதைச் சொல்ல நீ யாரு?" டீச்சரின் குரல் உயர்ந்தது.

அப்போது கையில் வாளியும் தோளில் துணியுமாக அப்பா வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு குண்டூசியைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல வெளுத்தது.

"ஆமா," என்றார் தாழ்ந்த குரலில். "அந்த வரி வேண்டாம். நான் உங்க அக்காவைக் கேட்டிருக்கணும்."

அப்பா அக்காவின் கதையை வாய்விட்டுப் படித்தார். முடித்ததும் தலையைச் சொறிந்தார்.

"அட, பாதியில நிக்குதே! அந்தப் பய என்னதான் சொன்னான் டீச்சர்?"

டீச்சர் வாயைத் திறக்கவில்லை. வகுப்பு திறந்தது.

"குடையில ஓட்டை போட்டிருப்பான். அதான் ஓடிட்டான்!"

"இல்ல, வேற ஊருக்குப் போறான்!"

"அவ பல்லு தேய்க்காம வந்திருப்பா!" என்றாள் தவளை.

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குண்டூசியும் சிரித்துவைத்தாள். தொண்டையில் மை கசந்தது.

"காரணம் என்னவா வேணா இருக்கட்டும்," என்றார் அப்பா, அந்தத் தாளுக்கு நேரே கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தபடி. "அப்படிப்பட்ட பொண்ணை விட்டுட்டுப் போனவன் சரியான மடையன். வீட்டுக்குப் போனதும் அக்காகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

"சொல்றேன்ப்பா."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இனி அவர் அந்த வரியைப் படிக்கவே முடியாது.

அதில் அந்தப் பையன் கேட்டிருந்தது இதுதான்: "உங்கப்பா கக்கூஸ் கழுவுறவர்னு நீ ஏன் என்கிட்ட சொல்லல?"