கட்டத்துக்கு வெளியே ஒரு கை

அண்ணன் இறந்து மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, எங்கள் ரெக்கார்டிங் அறையைத் திறந்தேன். தையல் கடைக்கு மேலே மாடியில் கடைசி அறை. சத்தம் உள்ளேயும் வரக்கூடாது, வெளியேயும் போகக்கூடாது என்று சுவர் முழுக்க ஃபோம் ஒட்டி, இருந்த ஒரே ஜன்னலையும் அடைத்து வைத்திருந்தோம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்; உள்ளே எந்நேரமும் ஒரே இருட்டுதான். கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கே கேட்கும்.

விளக்கைப் போட்டேன். கீபோர்டு, கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, எல்லாம் வைத்தது வைத்தபடி தூசியோடு இருந்தன. ஃபோமின் புளித்த வாடையோடு லேசாகக் கிராம்பு வாசனையும் வந்தது. அண்ணன் வாசிக்கும்போது வாயில் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வான். மூன்று மாதம் பூட்டிக்கிடந்த அறையில் அந்த வாசனை எப்படி மிச்சமிருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. நான் வந்த காரியம் அப்படி.

முந்தின நாள் அண்ணி ஃபோன் செய்திருந்தார். "தம்பி, பட்டாணி தூங்கவே மாட்டேங்கிறா. கண்ணைச் சுத்திக் கருவளையம் வந்துடுச்சு. ஆறு வயசுக் குழந்தைக்கு இது வரலாமா?"

பட்டாணி அண்ணனுடைய ஒரே பெண். அவள் தூங்குவதற்காக அவனே கட்டிய ஒரு மெட்டைத் தினமும் வாசிப்பான். அது இல்லாமல் அவள் கண்ணை மூடியதே இல்லை.

"வீட்டுல வாசிச்சதை ஒரு தடவையாவது ஃபோன்ல எடுத்து வைக்கலையா அண்ணி?"

"தினமும் வாசிக்கிற மனுஷனை யாரு எடுத்து வைப்பாங்க? கடைசியா அன்னைக்கு உங்க ரூம்லதானே அதை வாசிச்சாரு. அதை மட்டும் எடுத்துக் குடுங்க. வேற எதுவும் வேணாம்."

தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்னிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போவது சத்தம் இல்லை. எந்தக் கட்டையை அழுத்தினான், எப்போது அழுத்தினான், எவ்வளவு பலமாக, விரலை எப்போது எடுத்தான். இவ்வளவுதான் போகும். மிடி என்பது இதுதான். திரையில் கட்டம் போட்ட தாள் மாதிரி விரியும். ஒவ்வொரு அழுத்தமும் அதில் ஒரு சின்னப் பட்டையாக விழும். விரலை எடுக்கிறவரை பட்டை நீளும். சத்தத்தைக் கம்ப்யூட்டர் பிற்பாடு போட்டுக்கொள்ளும். ஆள் பேசினால் பதியாது, இருமினால் பதியாது. கை மட்டும்தான் பதியும்.

அண்ணனுடைய இடது கை தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தித்தான் வரும். பட்டைகள் கோட்டில் உட்காராமல் கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கிடக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு பட்டனைத் தட்டுவேன். அத்தனையும் ஓடிப்போய் வரிசையாகக் கோட்டில் நிற்கும். பதினான்கு வருடம் அவன் வாசித்தான், நான் நேராக்கினேன். அதனாலேயே எனக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தான்.

"டேய் ஸ்கேலு, தாலாட்டையாவது விடுடா. மடி ஆடுறது டிக் டிக்குனு கிளிக் போட்டா ஆடுது?"

இந்த ஒன்றைத் தொட மாட்டேன் என்று அவனிடம் சத்தியம் செய்திருந்தேன். ஆனால் அந்தக் கடைசி நாள் காலை, அவன் தண்ணீர் குடிக்கப் போன சமயத்தில், பதியும்போதே நேராக்கும் வசதியைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டேன். பெரிய காரணமெல்லாம் ஒன்றுமில்லை. கோணல் என்றால் எனக்கு ஆகாது, அவ்வளவுதான்.

அந்த வசதியைப் போட்டால், கை வந்த இடம் எங்கேயுமே பதியாது. கோட்டில் விழுந்தது மட்டும்தான் மிஞ்சும். அண்ணன் கடைசியாக வாசித்தது எப்படி இருந்தது என்பது உலகத்தில் எந்த மூலையிலும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். வாசிக்குமுன் கீழ்க்கோடிக் கட்டையை லேசாக இரண்டு தட்டு தட்டுவான். 'ஆரம்பிக்கிறேன்டா' என்று அர்த்தம். அன்றும் நான் பதிவைப் போட்டேன், அவன் தட்டினான். அப்போதே எனக்கு ஒரு ஃபோன் வந்தது. வராந்தாவுக்குப் போய்ப் பேசினேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மெட்டு முடிந்து, ஐந்து விரலும் சேர்த்து அழுத்தும் கடைசிச் சுரக்கூட்டு மட்டும் கீபோர்டின் வயலின் ஒலியில் நின்று இழுத்துக்கொண்டே இருந்தது. விளையாடுகிறான், என் பொறுமையைச் சோதிக்கிறான் என்று எனக்கு எரிச்சல். பேசி முடித்துவிட்டே உள்ளே வந்தேன்.

கட்டைகள் மேல் கை இருந்தது. கையின் மேல் தலை இருந்தது.

நான்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். அப்போதுதான் சத்தம் நின்றது. திரையில் ஐந்து பட்டைகள் எட்டு நிமிடம் நீண்டிருந்தன. உடனே வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று ஆட்கள் வருமுன் அந்த நீளப் பட்டைகளைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அந்த இரண்டு தட்டையும் சேர்த்து அழித்தேன். நீங்கள் என்னைக் காறித் துப்பலாம்.

ஆகவே செவ்வாய்க்கிழமை என்னிடம் இருந்தது, அச்சடித்த மாதிரி நேராக நின்ற இரண்டு நிமிட மெட்டு. அதையே பாட்டாக்கி எடுத்துப் போய் மதியம் பட்டாணிக்குப் போட்டுக் காட்டினேன். தலையணையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"நல்லா இருக்கு சித்தப்பா. ஆனா இது அப்பா இல்ல."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "வேற காப்பி இருக்கு அண்ணி, நாளைக்குத் தரேன்" என்று புளுகினேன்.

புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து, இடது கைப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கோட்டிலிருந்து தள்ளி வைத்தேன். பதினான்கு வருடம் நேராக்கியவன் முதல்முறையாகக் கோணலாக்கினேன். சாயங்காலம் அதைக் கொண்டுபோய்ப் போட்டேன். மெட்டு நான்கு தாளம் கூடத் தாண்டவில்லை, அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இது சித்தப்பா. சித்தப்பா அப்பா மாதிரி நடிக்கிறாங்க."

வியாழக்கிழமை அறையைத் திறந்தபோது கிராம்பு வாசனை அதிகமாக இருந்தது. அப்போதுதான் மென்று துப்பிய மாதிரி. கம்ப்யூட்டரைப் போட்டு அந்த ஃபைலைத் திறந்தேன்.

பட்டைகள் நான் வைத்த இடத்தில் இல்லை.

ஒன்று அதிகம் பிந்தியிருந்தது, ஒன்று கொஞ்சம், ஒன்று கிட்டத்தட்டக் கோட்டிலேயே. எந்தக் கணக்கிலும் அடங்காத கோணல். ஆரம்பத்தில், கீழ்க்கோடியில், மங்கலாக இரண்டு புள்ளிகள்.

நான் அழித்த இரண்டு தட்டு.

மானிட்டர் பழுது, ஃபைல் பழுது, என் தூக்கம் கெட்ட மூளை பழுது என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். கடைசியில் பழைய புத்தி போகவில்லை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நேராக்கும் பட்டனைத் தட்டினேன். அத்தனையும் கோட்டில் போய் நின்றன.

பிறகு முதல் பட்டை மெதுவாக நகர்ந்தது.

அடுத்தது.

அதற்கடுத்தது.

நான் மவுஸில் கை வைக்கவில்லை. பட்டைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து தங்கள் இடத்தில் உட்கார்ந்தன, வாத்தியார் வரிசையில் நிறுத்திவிட்டுத் திரும்பியதும் பழைய இடத்துக்கே போகும் பிள்ளைகள் மாதிரி. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். ஆனாலும் அந்தக் குழந்தையின் கருவளையம் நினைவுக்கு வந்தது. அப்படியே பாட்டாக்கி ஃபோனில் ஏற்றிக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

இரண்டு தட்டு கேட்டதுமே பட்டாணி கண்ணை மூடினாள். பாதி மெட்டில் தூங்கிவிட்டாள். தூக்கத்துக்கு நடுவே சொன்னாள்: "அப்பா."

அண்ணி வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். மெட்டு முடிந்தது. கடைசிச் சுரக்கூட்டு வந்தது. வந்தது நிற்கவில்லை.

ஃபோனைப் பார்த்தேன். நான் ஏற்றியது இரண்டு நிமிடம். திரையில் பத்து நிமிடம் என்று இருந்தது.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஏன் தம்பி இவ்வளவு நேரம் ஒரே சத்தமா இழுக்குது?"

"கம்ப்யூட்டர் கோளாறு அண்ணி. வெட்டிக் குடுத்துடறேன்."

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, அதை வெட்டத்தான் போனேன். வராந்தாவிலேயே கேட்டுவிட்டது. கதவு பூட்டியிருந்தது, கம்ப்யூட்டரை நான் அணைத்துவிட்டுப் போயிருந்தேன். ஆனாலும் உள்ளே வயலின் ஒலி நின்று இழுத்துக்கொண்டிருந்தது. கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெயில் என் செருப்புவரை வந்திருந்தது. திரும்பிப் போயிருக்கலாம். அன்றும் இதே இடத்தில்தான் நின்று ஃபோன் பேசினேன் என்பது நினைவுக்கு வந்ததும் என்னால் போக முடியவில்லை.

கதவைத் திறந்தேன். விளக்கைப் போட்டேன். எரியவில்லை.

திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதில் சிவப்பாகப் பதிவு ஓடியது. ஐந்து பட்டைகள் நீண்டுகொண்டே போயின.

கீபோர்டில் ஐந்து கட்டைகள் தாழ்ந்திருந்தன.

அவற்றை அழுத்த யாரும் இல்லை.

"அண்ணா" என்றேன். "நான்தான்டா பதியும்போதே நேராக்கினேன். சத்தியம் பண்ணிட்டுப் பண்ணினேன். சத்தம் இழுக்கிறதைக் கேட்டுக்கிட்டேதான் வெளியில நின்னேன். எட்டு நிமிஷம். அதையும் அழிச்சேன். தப்புதான். கையை எடுத்துடு."

பட்டைகள் நீண்டன. அவன் எப்படி எடுப்பான்? அன்றும் அவனாக எடுக்கவில்லை.

நான் முழங்காலிட்டு, தாழ்ந்த கட்டைகளின் மேல், வெறும் காற்றில், இடது கையை நீட்டினேன்.

விரல்கள் இருந்தன. அன்று தொட்டபோது இருந்த அதே சில்லிப்பு.

ஒன்றைத் தூக்கினேன். ஒரு சுரம் நின்றது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. கடைசி விரலைத் தூக்கியதும் அறை அமைதியாகிவிட்டது. பதிவு தானாக நின்றது. அப்பாடா என்று நான் கையை இழுத்தேன்.

வரவில்லை.

அந்த ஐந்து விரலும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தையல் கடைக்காரர் வந்து கதவைத் தட்டியபோது தரையில் கிடந்தேனாம். நேரே அண்ணி வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம், வராந்தா, எட்டு நிமிடம், ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டார். என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று பார்த்தேன்.

"எட்டு நிமிஷம்" என்றார் மெதுவாக. அதைத் தனக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு, "அந்தக் கீபோர்டை இங்க கொண்டாந்து வைங்க. ஃபோன்ல எல்லாம் வேணாம். நீங்களே வந்து அவளுக்கு வாசிங்க. அவ வளர்றவரைக்கும் வாசிங்க. அதுதான் உங்களுக்குத் தண்டனை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொண்டுபோய் வைத்தேன். கம்ப்யூட்டர் இல்லை, கிளிக் இல்லை, கீபோர்டு மட்டும். பட்டாணி பாயில் சுருண்டு படுத்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். அண்ணி சமையலறைக் கதவோரம் நின்றார். வெள்ளிக்கிழமையிலிருந்து என் இடது கை மரத்துப்போய்க் கிடக்கிறது. நரம்பில் ஒன்றும் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேல் மெட்டை மட்டுமாவது வாசிக்கலாம் என்று வலது கையைத் தூக்கினேன்.

அதற்கு முன்பே கீழ்க்கோடியில் லேசாக இரண்டு தட்டு கேட்டது.

நான் வாசித்தேன். வேறு என்ன செய்வது? குழந்தையின் தோள் தளர்ந்து, மூச்சு சீராக ஆரம்பித்தது. "அப்பா" என்று முனகினாள். அண்ணி மட்டும் என் கைகளையே பார்த்துக்கொண்டு, ஓரடி பின்னால் நகர்ந்தார். அறையில் கிராம்பு வாசனை வந்தது.

என் இடது கை மடியில் கிடந்தது. கீழ்ப்பக்கக் கட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை பிந்தி, தாமாகத் தாழ்ந்து எழுந்துகொண்டிருந்தன.