வெட்டாத துளை

ஃபேன் ஒன்றுகூடச் சுற்றவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்பக்கத்திலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

சின்னவன் கையை நீட்டிப் பார்த்தான். வெதுவெதுப்பாக உள்ளங்கையில் பட்டது, நின்றது, கொஞ்சம் பொறுத்து மறுபடி பட்டது. பாகம் பாகமாக வாங்கி அவனே பூட்டிய கேமிங் கம்ப்யூட்டர் அது. எந்தத் திருகு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். சூடு ஐம்பது டிகிரியைத் தாண்டும்வரை எல்லா ஃபேன்களும் நின்றே கிடக்க வேண்டும் என்று அமைத்தவனும் அவன்தான். கண்ணாடிக் கதவுக்குள் அவை சொன்ன பேச்சைக் கேட்டு நின்றுதான் கிடந்தன. ஜன்னல் காற்றாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். வெளியே மழை பிடித்த சாயங்காலம். ஜன்னல் சாத்தியிருந்தது.

சத்தமில்லாத கம்ப்யூட்டர் என்பது அவனுக்கு ஒரு பித்து. ஃபேனை வேகமாக விட்டால் உள்ளே குளிரும், ஆனால் அறையே இரையும். மெதுவாக விட்டால் அமைதி, ஆனால் உள்ளே வெந்துபோகும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோட்டைக் கண்டுபிடிப்பதுதான் நிஜமான விளையாட்டு என்பான். காற்று நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி, இது தெரியாதவன் கேபினெட்டைத் தொடக்கூடாது என்று கூட்டாளிகளுக்குப் பாடமே நடத்துவான். ஊருக்குத்தான் உபதேசம்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. அம்மாதான். அப்பா போனதிலிருந்து அவள் படுப்பதே இல்லை. காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். துக்கம் கேட்க யார் வந்தாலும் அவளிடம் ஒரே பேச்சு: "நான் கண்ணசந்துட்டேன். அந்த நேரம் பார்த்துப் போயிட்டாரு."

அதைக் கேட்கும்போதெல்லாம் சின்னவன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவளுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும்.

அப்பா கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்தவர். பெயிண்ட் புகையே சோறு போட்டது, பெயிண்ட் புகையே நுரையீரலையும் தின்றது. கடைசிக் காலத்தில் ஆக்சிஜன் மெஷினோடுதான் வாழ்க்கை. அது ராப்பகலாக முனகும்; முனகலுக்கு நடுவே ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், ஒரு 'புஸ்'. கம்ப்யூட்டரை அத்தனை பாடுபட்டு அமைதியாக்கியவனுக்குச் சுவரைத் தாண்டி வந்த அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்து, தன் கேபினெட்டுக்காக வாங்கிவைத்திருந்த, சத்தத்தை உறிஞ்சும் கறுப்பு ஃபோமை உள்ளே ஒட்டி, மெஷினை அதற்குள் இறக்கினான். காற்று நுழைய ஒரு துளை வெட்டினான். வெளியேறும் துளையை நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டான். கம்ப்யூட்டரில் விளையாட்டு பாதியில் நின்றிருந்தது.

வீடு ஊசி விழுந்தால் கேட்கும்படி அடங்கியது. அப்பாவே மெச்சிக்கொண்டார், மகன் கைவேலைக்காரன் என்று. பல நாள் கண் விழித்த அம்மா, கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஹாலில் தலையைச் சாய்த்தாள். அவன் சரி என்றான். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான்.

பெட்டிக்குள் மெஷின் வெந்தது, பீப் பீப் என்று கதறியது, நின்றது. கதறலை ஃபோம் குடித்துவிட்டது. அவன் எழுந்து போனபோது பிளைவுட் தொட முடியாமல் கொதித்தது. அப்பாவின் கை பெட்டியை நோக்கி நீண்டபடி கிடந்தது.

அம்மாவை எழுப்புவதற்கு முன்னால் அவன் செய்த காரியங்கள்தான் அவனை அரித்தன. மெஷினை வெளியே எடுத்தான். பெட்டியைப் பலகை பலகையாகக் கழற்றிப் பரணில் போட்டான். மெஷின் ஆறியதும் சுவிட்சைப் போட்டு ஓடவிட்டான். பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டான். டாக்டர் எதிர்பார்த்ததுதான் என்றார். மிச்சமிருந்தது ஃபோம். அதை உரித்துத் தன் கேபினெட்டுக்குள் ஒட்டிவிட்டான். அங்கே யார் போய்த் தேடுவார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. பழியை அம்மா எடுத்துக்கொண்டபோது அவனுக்குள் ஒரு நிம்மதி வந்தது.

இப்போது காற்றோடு சத்தமும் வந்தது. மழைக்குள் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி, ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், ஒரு 'புஸ்'. கூடவே பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனை. அப்பாவின் வேலைச் சட்டையில் எத்தனை துவைத்தாலும் போகாத வாசனை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சொல்லிக்கொண்டான். எல்லா ஃபேன்களையும் முழு வேகத்தில் விட்டான். இரைச்சலுக்கு அடியில் அந்த இழுப்பு சீரானது, ஆழமானது. மெல்ல மெல்லக் குறைத்தான். இழுப்பு சிறுத்தது. தொண்டையில் மாட்டியது. விக்கியது. அவசரமாக மறுபடி கூட்டினான்.

திரையில் சூடு முப்பத்தேழு. இருப்பதிலேயே கனமான விளையாட்டை ஓடவிட்டான். முப்பத்தேழு. உயிருள்ள உடம்பின் சூடு.

கம்ப்யூட்டரை அணைத்தான். பிளக்கைப் பிடுங்கினான். கேபினெட்டுக்குள் விளக்குகள் செத்தன. ஃபேன்கள் நின்றன.

சத்தம் நிற்கவில்லை.

கண்ணாடிக் கதவில் உள்பக்கமாக ஆவி படர்ந்தது. தெளிந்தது. மறுபடி படர்ந்தது.

பிறகு, எங்கோ அடியாழத்திலிருந்து, பஞ்சுக்குள் பொதிந்ததுபோல ஒரு 'பீப்'.

"அந்தச் சத்தம்," என்றாள் அம்மா.

வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் கண்கள் கேபினெட்டின் மேல் இருந்தன.

"அன்னைக்குத் தூக்கத்துல இதே சத்தம் கேட்டுச்சுப்பா. எந்திரிக்கணும்னு பார்த்தேன். ஆனா ரொம்பத் தூரத்துல கேட்டுச்சு. நம்ம வீட்டுச் சத்தம்னா இவ்வளவு தூரத்துல கேட்குமா, கனவுதான்னு திரும்பிப் படுத்துட்டேன். நான்தான் அவரைக் கொன்னுட்டேன்."

அவள் கேபினெட்டுக்கு முன்னால் மண்டியிட்டுக் கண்ணாடியில் காதை வைத்தாள்.

இதற்குமேல் தாங்காது. சொல்லிவிட வேண்டும். நீ இல்லை, நான்தான், அந்தச் சத்தத்தைத் தூரமாக்கியது நான்தான். சின்னவன் வாயைத் திறந்து சொன்னான். முழுவதையும் சொன்னான்.

ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவன் காதுக்கே கேட்கவில்லை.

அடித்தொண்டையிலிருந்து கத்தினான். நரம்பு புடைத்தது. அறையில் மழைச் சத்தம் மட்டும்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா, வாய் மட்டும் அசையுது?" பிறகு மறுபடி காதைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள். "அவருக்கு மூச்சு முட்டுதுடா. எங்கயாவது ஒரு வழி திறந்துவிடேன்."

அவன் கத்திக்கொண்டே கண்ணாடிக்குள் பார்த்தான். கறுப்பு ஃபோமின் நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. வாய் அளவுக் குழி. அவன் கத்தக் கத்த அது அந்தக் கத்தலை உள்வாங்கியது, ஈரமாக, பசியோடு, பின்னாலிருந்த இரும்புத் தகட்டில் இல்லாத துளையைத் தேடி.