மிச்சமிருந்த மூன்று படங்கள்

"தண்ணிக்குள்ள இரும்பு கெடக்குன்னா அதக் கண்ணால காட்டச் சொல்லுங்க. கச்சான் காத்து எழும்புறதுக்குள்ள காட்டினா பேசுவோம். அப்புறம் பேச்சில்ல" என்று ஊர்த்தலைவர் சொன்னதும் கூட்டம் முழுக்கச் சிரித்தது. டெல்பின் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்புக்கு ஆளாகி நின்றவர் அவளுடைய அப்பா செபஸ்தியான்.

நடந்தது இதுதான். தனியாக வலை எடுக்கப் போன செபஸ்தியான், 'கடல்ராணி' என்ற தன் வள்ளத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மிதவையைக் கட்டிப்பிடித்தபடி கரைக்கு வந்து சேர்ந்தார். கடல் வற்றியிருந்த நேரத்தில் அடியில் ஏதோ இரும்பு கிழித்துவிட்டது என்றார். அந்த இடத்தில் மணலைத் தவிர ஒன்றும் கிடையாது, மனுஷன் தூங்கிப்போய் வள்ளத்தைப் பாறையில் விட்டிருக்கிறார் என்றது சூசைமுனை ஊர். தூங்குகிறவரை நம்பி யார் கடலுக்குப் போவார்கள்? இனி அவர் எந்த வள்ளத்திலும் சுக்கானைத் தொடக்கூடாது என்று ஊர் முடிவெடுத்தது. கரையில் உட்கார்ந்து வலை பின்னும் அப்பாவைப் பார்க்க டெல்பினுக்குப் பொறுக்கவில்லை.

டெல்பின் கடல்பாசி எடுக்கிறவள். மூச்சடக்கி முங்குவது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் கடலடியை எப்படிக் கரைக்குக் கொண்டுவந்து காட்டுவது?

அதற்கு வழி கோயம்புத்தூரிலிருந்து வந்தது. சித்தி மகள் இன்பென்டா விடுமுறைக்கு வந்திருந்தாள். கைப்பேசியில் படம் எடுக்கும் காலம் வராத நேரம் அது. அவள் பையில் இரண்டு கேமராக்கள் இருந்தன. சோப்புப் பெட்டி அளவு. கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்திருந்ததால் தண்ணீருக்குள் முங்கினாலும் கெடாது. இருபத்தேழு படம் எடுக்கலாம். அதோடு அதன் ஆயுள் முடிந்தது. ஸ்டுடியோவில் கூட்டை உடைத்துப் பிலிமை எடுத்துக் கழுவிக் கொடுப்பார்கள். ஒன்றில் இன்பென்டா மீன்களையும் தன் கால்களையும் மாறி மாறி எடுத்துத் தள்ளியிருந்தாள். மற்றது புத்தம் புதிது. விஷயத்தைக் கேட்டதும் அந்தப் புதியதை அக்காவின் கையில் வைத்துவிட்டாள்.

படகுக்கு அத்தை மகன் ரொசாரியோவைப் பிடித்தார்கள். அவனும் கூட்டத்தில் சிரித்தவர்களில் ஒருவன். வெட்டி வேலை என்று முனகிக்கொண்டேதான் எஞ்சினைக் கிளப்பினான். கோயில் கோபுரம் கலங்கரை விளக்கத்தின் இடது தோளில் ஒட்டி நிற்க வேண்டும், கரையிலிருக்கும் மூன்று பனைகளும் ஒன்றாகத் தெரிய வேண்டும். அப்பா சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்த அடையாளம் அது. அங்கே நங்கூரம் போட்டார்கள். இன்பென்டா படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்தாள். டெல்பின் குதித்தாள்.

நாலைந்து முறை முங்கியும் வெறும் மணல்தான். அடுத்த முறை கொஞ்சம் கிழக்கே போய் இறங்கினாள். அங்கே இருந்தது! என்றைக்கோ மூழ்கிய கப்பலின் விலா எலும்பு மாதிரி, மணலிலிருந்து துருத்திக்கொண்டு ஒரு பெரிய இரும்புச் சட்டம். அதன் நுனியில் நீலப் பலகை ஒன்று பிடுங்கினாலும் வராதபடி செருகியிருந்தது. பலகையில் மஞ்சள் எழுத்து. கடல்ராணி. டெல்பினுக்குத் தண்ணீருக்குள்ளேயே அழுகை வந்தது. பிலிம் தீரும்வரை முங்கி முங்கி எடுத்தாள்.

இராமநாதபுரத்து ஸ்டுடியோவில் படங்களை வாங்கி மூன்று பேரும் புரட்டினார்கள். எல்லாப் படத்திலும் ஒரே சிவப்பு மங்கல். ஓரத்தில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான். இன்பென்டா ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அக்காவின் கையைப் பார்த்தாள். பாறை கிழிக்காமலிருக்கப் பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் கடலில் இறங்குவார்கள். டெல்பின் அம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். தடித்த அந்த விரல் லென்ஸை மறைத்திருக்கிறது. பார்க்கும் ஓட்டை தனி, படம் பிடிக்கும் கண் தனி என்பதால் அவளுக்குத் தெரியவேயில்லை.

"இரும்பப் புடிக்கச் சொன்னா சேலையப் புடிச்சிட்டு வந்திருக்கா" என்றான் ரொசாரியோ. டெல்பின் அவனை முறைத்தாள்.

"மச்சான், அடுத்த தடவ நீயும் முங்கு. அந்தப் பலகையத் தொட்டுப் பாரு. தொட்டுட்டு அப்புறம் சிரி."

பழைய கேமராவில் மூன்றே மூன்று படம் மிச்சமிருந்தது. மறுநாள் காலை புறப்பட்டபோதே தென்மேற்கிலிருந்து காற்று முகத்தில் அடித்தது. கச்சான் தலைகாட்டிவிட்டது. இன்னும் ஒரு நாள் போனால் கடல் கலங்கிச் சேறாகிவிடும்.

டெல்பின் விரல் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் படகில் போட்டாள். வெறுங்கையோடு இறங்குவது அவளுக்கு ஆடையில்லாமல் தெருவில் போவதுபோல் இருந்தது.

"ரொம்பக் கிட்டப் போகாதக்கா. ரெண்டு கை தூரம் தள்ளி நில்லு. வெயில் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும்" என்றாள் இன்பென்டா. நீச்சல் தெரியாதவள் ஆடுகிற படகில் தனியாக இருக்கச் சம்மதித்ததே பெரிய விஷயம்.

இருவரும் முங்கினார்கள். ரொசாரியோ இரும்பைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். டெல்பின் முதல் படத்துக்குப் பொத்தானை அழுத்தும் நேரம் பார்த்து அலை வந்து அவளைப் புரட்டியது. போயிற்று ஒன்று. இரண்டாவது முறை ரொசாரியோவின் கால் மணலைக் கிளப்பிவிட்டது. புகைமூட்டம்போல் எல்லாம் மறைந்தபின்தான் பொத்தான் அழுந்தியது. இருவரும் மேலே வந்து மூச்சு வாங்கினார்கள். ரொசாரியோவின் முகத்தில் கேலி இல்லை. "நான் எங்க நிக்கணும், சொல்லு" என்றான்.

கடைசி முறை இறங்கியதும், நீரோட்டம் தள்ளாமலிருக்க இடது கையால் பக்கத்திலிருந்த இரும்பு முனையைப் பற்றிக்கொண்டாள் டெல்பின். ஒட்டியிருந்த சிப்பிகள் விரலைக் கிழித்தன. விடவில்லை. கிளம்பிய மணல் படியும்வரை காத்திருந்தாள். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ரொசாரியோ கன்னம் உப்பியபடி மஞ்சள் எழுத்தின் மேல் விரலை வைத்தான். டெல்பின் பிலிம் நகர்த்தும் சக்கரத்தைக் கட்டைவிரலால் நெருடித் திருகி, லென்ஸின் மேல் ஒன்றும் இல்லை என்று ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அழுத்தினாள்.

அன்றே ஸ்டுடியோவில் கழுவிய படம் பளிச்சென்று ஒன்றும் வரவில்லை. ஆனால் இரும்பு இருந்தது, பலகை இருந்தது, கடல்ராணி இருந்தாள், பலூன் முகத்தோடு ரொசாரியோவும் இருந்தான். கச்சான் முழுதாக எழும்புமுன் கூடிய ஊர்க்கூட்டத்தில் அது கைமாறிக் கைமாறிப் போனது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொசாரியோ எழுந்து, "நான் தொட்டுப் பாத்தேன். மாமா சொன்னது நெசம். சிரிச்சது என் தப்பு" என்றான். கடல் தெளிந்ததும் அந்த இடத்தில் எச்சரிக்கை மிதவை கட்டுவதென்றும், செபஸ்தியானின் சுக்கானுக்குத் தடையில்லை என்றும் தலைவர் சொல்லி முடித்தார்.

கடைசியாகத்தான் படம் அப்பாவின் கைக்கு வந்தது. அவர் மஞ்சள் எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் சொல்லச் சொல்ல, தூங்கித்தான் போயிட்டேனோன்னு நானே நெனைக்க ஆரம்பிச்சிட்டேன், டெல்பின்" என்றார்.

கோயம்புத்தூருக்குத் திரும்பிய இன்பென்டாவின் ஆல்பத்தில் கால்கள்தான் அதிகம். ஆனாலும் வருகிறவர்களிடமெல்லாம் அவள் முதலில் காட்டுவது அந்தச் சிவப்பு மங்கலைத்தான். படம் எடுக்குமுன் உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள் என்பாள். சூசைமுனையில் காற்று தணிந்த முதல் நாள் ரொசாரியோவின் வள்ளம் கடலுக்குக் கிளம்பியது. ரொசாரியோ முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். சுக்கானைப் பிடித்திருந்தவர் செபஸ்தியான்.