சுட்டிக்குக் கொடுக்காத தண்ணீர்

கொல்லிமலைக்கு ரோடு வராத காலம் அது. அரியூர் நாட்டில் கண்ணாயி வீட்டுப் பசு ஒரு கிடாரிக் கன்று போட்டது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். கண்ணாயிக்கு மட்டும் அதைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

பின்னே வராதா? போன வருஷமும் இதே மாதிரி ஒரு கன்று இருந்ததே! நெற்றியில் வெள்ளை இருந்ததால் அதற்குச் சுட்டி என்று பேர். ஒருநாள் அது கயிற்றை அறுத்துக்கொண்டு போய், பெரிய மாடுகளின் தொட்டியில் கிடந்த நாறின தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டது. அவ்வளவுதான், கழிச்சல் கண்டது.

"பால் குடிக்கிற கன்னுக்குத் தண்ணி எதுக்கு? இனிமே கண்ணுல காட்டவே கூடாது" என்றார் அப்பா அண்ணாமலை.

பசு விடிந்ததும் காட்டுக்கு மேயப் போய்விடும். பொழுது சாய்ந்துதான் திரும்பும். சுட்டி பகலெல்லாம் பலாமரத்தடியில் கட்டிக் கிடக்கும். கண்ணாயி ஊற்றிலிருந்து குடத்தோடு வரும்போதெல்லாம் கழுத்தை நீட்டி, ஈரக் குடத்தை நக்கப் பார்க்கும்.

"அட போ! உனக்கு ஆகாது" என்று கண்ணாயி குடத்தை அந்தப் பக்க இடுப்புக்கு மாற்றிக்கொள்வாள். அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளையாயிற்றே!

சுட்டியின் கண்கள் குழிவிழுந்து போயின. ஒருநாள் காலையில் அது எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பலாமரத்தடியிலேயே புதைத்தார்கள்.

இப்போது புதுக் கன்று கருவாச்சியையும் அங்கேதான் கட்டியிருந்தார்கள். அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. கண்ணாயி குடத்தை இறக்கி வைத்தாள். கருவாச்சி எட்டி வந்து, குடத்தில் வழிந்த நீரை நக்கியது. சுட்டி நக்க வந்ததே, அதே மாதிரி!

கண்ணாயி அதன் நெற்றியைத் தடவினாள். 'எனக்குத் தாகமெடுத்தா அம்மாகிட்டக் கேப்பேன். இது யாருகிட்டக் கேக்கும்?'

நின்று யோசித்தாள். சுட்டி குடித்தது நாறின தண்ணீர். அதுவும் ஒரே மூச்சில், தொட்டி நிறைய. நல்ல ஊற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால்?

ஒரு மண்சட்டியைத் தேய்த்துக் கழுவி, அடியில் மட்டும் தண்ணீர் ஊற்றி வைத்தாள். கருவாச்சி மூக்கு வரைக்கும் முக்கி, 'புஸ்' என்று தும்மியது. கண்ணாயிக்கு முகமெல்லாம் குளியல்! பிறகுதான் உறிஞ்சிக் குடித்தது. கொஞ்ச நேரம் விட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

தினமும் அப்பா காட்டுக்குப் போனதும் இதே வேலை. சாமைத் தவிட்டை விரலில் தொட்டு அதன் வாயில் தடவினாள். கருவாச்சி விரலைச் சப்பியது. கண்ணைச் சிமிட்டியது. 'இம்புட்டுத்தானா?' என்பதுபோல் முட்டியது.

ஒருநாள் அப்பா சீக்கிரமே திரும்பிவிட்டார்.

"ஏ கண்ணு! என்ன பண்றே? இதையும் சாகடிக்கவா?"

கண்ணாயி திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆனாலும் சட்டியை விடவில்லை.

"இல்லீங்கப்பா! ஊத்துத் தண்ணி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கறேன். வேணும்னா சாணியைப் பாருங்க!"

"என்னத்தப் பாக்கறது?"

"சாணிங்கப்பா! நல்லாக் கெட்டியா இருக்குது!"

அப்பா குனிந்து பார்த்தார். பெரிய வைத்தியரைப்போல் சுற்றிச் சுற்றி வந்தும் பார்த்தார். அப்புறம் கருவாச்சியின் முதுகைத் தடவினார். மேலெல்லாம் வழவழவென்று மின்னியது.

"அப்போ, சுட்டி..." என்று ஆரம்பித்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதைத் தாகத்துல சாகவிட்டது நாந்தான் சாமி."

"நானுந்தானுங்கப்பா. அது எங்கிட்டத்தானே கேட்டுச்சு!" கண்ணாயி அழுதே விட்டாள்.

மறுநாள் காலையில் ஊற்றுக்குப் போனவர் அப்பாதான். குடத்தோடு வந்து சட்டியில் தண்ணீர் ஊற்றினார். கண்ணாயி அதிலிருந்து ஒரு கை அள்ளிப் பலாமரத்தடியில் விட்டாள்.

"அங்க எதுக்குக் கண்ணு?"

"அது கேட்டப்ப நான் குடுக்கலீங்களே."

அப்பா பலாமரத்தடிக்கு வந்தார். குடத்தைச் சாய்த்து, அதே இடத்தில் தானும் கொஞ்சம் ஊற்றினார்.