அருளம்மா கேட்ட துரு

அடம்பனைத் தாண்டி வயல்வெளிக்குள் இறங்கும் பாதையில் சின்ன லொறி அதற்குமேல் போக மறுத்துவிட்டது. ஜெஸீம் அதை வாய்க்கால் கரையில் நிறுத்திவிட்டு, ஸ்பானர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். உச்சிப்பொழுது. அறுவடை முடிந்த வயலில் மாடுகள் நிழலில்லாமல் நின்றன. ஒரு குருவி கத்தவில்லை, ஒரு தென்னோலை அசையவில்லை. சில மத்தியானங்கள் அப்படித்தான், வெளிச்சத்தாலேயே மூடிக் கட்டியது போல இருக்கும். அதற்குள் நடக்கிறவனுக்குத் தன் செருப்புச் சத்தமே யாரோ பின்னால் வருகிற சத்தமாகக் கேட்கும்.

மன்னார் ரவுனில் அவனுக்கு ஒரு திருத்தகம் இருந்தது. அதன் மூலையில் வாப்பாவின் பழைய எம்.டி. நைன்டி மோட்டார் சைக்கிள் கிராங் உடைந்து நின்றது. புடவைப் பொட்டணியைப் பின்னால் கட்டிக்கொண்டு வாப்பா அதில்தான் ஊர் ஊராய்ப் போய் விற்றார். அவர் மவுத்தான பிறகு அதை மறுபடி ஓடவைக்க வேண்டும் என்று ஜெஸீமுக்கு ஒரு பிடிவாதம் வந்தது. அந்த வண்டிக்குப் புதுச் சாமான் இப்போது எங்கும் இல்லை. இன்னொரு வண்டியின் வயிற்றிலிருந்து எடுத்துத்தான் இதற்கு வைக்க வேண்டும்.

அப்படி விசாரித்துத் திரிந்தபோதுதான் அடம்பன் சந்தையில் செல்வராசா சொன்னார், தன் அக்காவின் வளவில் ஒன்று இருக்கிறது, ஆனால் மண்ணுக்குள் என்று.

மண்ணுக்குள் என்றதற்கு ஜெஸீம் ஆச்சரியப்படவில்லை. சண்டை நெருங்கி வந்த காலத்தில் இந்தப் பக்கம் பாதிச் சனம் சாமான்களைப் புதைத்துவிட்டுத்தான் ஓடியது. தையல் மெசின், தண்ணீர் மோட்டார், கலியாணப் பாத்திரம். திரும்பி வந்தவர்கள் கிண்டி எடுத்தார்கள். கிண்டாமல் விட்ட குழிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

அருளம்மா படலையடியிலேயே நின்றாள். மெலிந்த, சுத்தமான மனுசி.

"வாங்கோ தம்பி. வெயிலுக்குள்ள வந்திட்டீங்கள். முதல்ல தண்ணி குடியுங்கோ."

உள்ளே சுவரில் ஒரு இளைஞனின் படம் தொங்கியது. வண்டியில் ஒரு காலை ஊன்றி நின்று சிரிக்கிறான். படத்துக்கு மாலை இல்லை. கீழே விளக்கும் இல்லை.

"அவன்தான் என்ர மகன், ரொபின்சன்," என்றாள். "எந்த நேரமும் அந்த வண்டியைத் துடைச்சுப் பூட்டிக்கொண்டுதான் இருப்பான். அதில என்ன வேணுமோ கழட்டிக்கொண்டு போங்கோ. காசு வேண்டாம். எனக்கு ஒரு சொல்லுத்தான் வேணும்."

"என்ன சொல்லம்மா?"

"துருப்பிடிச்சிருக்கோ எண்டு பாத்துச் சொல்லவேணும்."

மண்வெட்டியோடு வாசலில் நின்ற செல்வராசா சிரித்துவிட்டார். "இவ்வளவு வருசம் மண்ணுக்க கிடந்த இரும்பு பின்ன என்ன, பூப்பூத்தோ இருக்கும்?"

"நீ வாயைப் பொத்து செல்வம்."

அவள் ஜெஸீமின் பக்கம் சாய்ந்து, சுவருக்குக் கேட்டுவிடும் என்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள்.

"கன வருசமாய் மத்தியானத்தில சத்தம் கேக்குது தம்பி. ரயருக்குக் காத்துப் பம் அடிக்கிற சத்தம். அந்தத் தேசிமரத்தடியில, அவன் வண்டியைப் புதைச்ச இடத்தில. வெளியில வந்து பாத்தால் ஆரும் இல்ல. கிறீஸ் மட்டும் மணக்குது." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "ஆரும் தொடாட்டி இரும்பு துருப்பிடிக்கத்தானே வேணும்?"

"ஓமம்மா. கட்டாயம் பிடிக்கும்."

"அதுதான். என்ர பிள்ளை எங்கையோ உயிரோட இருக்கிறான் எண்டால், மண்ணுக்க வந்து அதைத் துடைச்சுக்கொண்டு இருக்கமாட்டான்தானே? எனக்குப் பாக்கத் தைரியமில்ல. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

தேசிமரத்தடியில் மண் சற்றுப் புடைத்திருந்தது. கறுத்த களி, அலவாங்கால் குத்தித்தான் கிளப்ப முடிந்தது. அருளம்மா கிணற்றடிக்குப் போய், அவர்களுக்கு முதுகு காட்டி, துலாக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவள் பாக்கமாட்டாள்," என்றார் செல்வராசா, மண்ணை அள்ளி எறிந்துகொண்டே. "சண்டையின்ர கடைசி நாள், கடற்கரையில, சனத்துக்க நிண்டவை. தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் எண்டு பிளாஸ்டிக் கானோட போனவன் ரொபின்சன், திரும்பி வரேல்ல. அவ்வளவுதான். இவள் அவன்ர படத்தை ஏந்திக்கொண்டு பஸ் நிலையம், கந்தோர் எண்டு அலைஞ்சாள். அவன் செத்திட்டான் எண்டு நானும் எத்தினை முறை சொல்லிப்போட்டன். போன கல்லறைத் திருநாளுக்குச் செத்த ஆக்களின்ர பேரோட அவன்ர பேரையும் கோயில்ல சுவாமியிட்டக் குடுத்தனான். இவள் போய் அதை வெட்டுவிச்சுப்போட்டு வந்தவள். உயிரோட இருக்கிறவனுக்கு என்னத்துக்கு இளைப்பாற்றிப் பூசை எண்டு கேட்டவளாம்."

"பாவம் அண்ணை."

"பாவம்தான். ஆனால் செத்திருந்தால் அந்த ஆத்துமம் என்ன பாடுபடும்? ஒருத்தரும் அழேல்ல, ஒரு மெழுகுதிரி கொளுத்தேல்ல. சொந்த வீட்டு வாசலில பசியோட நிக்கிறமாதிரியெல்லோ தம்பி?"

மண்வெட்டி மெத்தென்று எதிலோ பட்டது. வண்டியைச் சுற்றிக் கட்டிய தறப்பாள். இருவருமாய்ச் சுற்றி வர மண்ணை எடுத்தார்கள். பொதி முழுதாய்த் தெரிந்ததும் செல்வராசா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது எங்கட ரெண்டுபேரின்ர முதுகுக்குச் சரிவராது. பக்கத்து வளவில ஆக்கள் நிப்பினம், கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் அவிட்டுப் பாருங்கோ."

அவர் காலடி பாதையில் தேய்ந்து மறைந்தது.

ஜெஸீம் குழிக்குள் இறங்கினான். உள்ளே குளிர் இருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கயிற்றை அறுத்தான். தறப்பாளுக்குள் யூரியா பைகள், பைகளுக்குள் பொலித்தீன். அதைக் கிழித்ததும் ஒரு மணம் வந்தது.

புதுக் கிறீஸின் மணம்.

பழைய கிறீஸ் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். மெழுகாய் இறுகி, கறுத்து, வெடித்துப் போயிருக்கும். இது தேன்நிறத்தில் இளகிக் கிடந்தது. பெற்றோல் தாங்கியில், சிலிண்டரில், ஒவ்வொரு கம்பியிலும் சீராகப் பூசப்பட்டிருந்தது. பூசிய பெருவிரலின் ரேகை அப்படியே இருந்தது. நேற்றுப் பூசியது போல. இன்று காலை பூசியது போல.

அவன் முன்சில்லை அழுத்திப் பார்த்தான்.

கல்லைப் போல் இருந்தது. முழுக் காற்று.

எந்த ரியூப்பும் ஒரு வருசம்கூடக் காற்றைப் பிடித்துவைக்காது. அவனுடைய கை தானாகப் பின்வாங்கியது. சீற்றுக்கடியில் ஒரு துணித்துண்டு மடித்துச் செருகியிருந்தது, மெக்கானிக்குகள் கை துடைத்துவிட்டு வைப்பார்களே, அப்படி. அவன் அதைத் தொட்டான்.

ஈரம்.

குனிந்து உற்றுப் பார்த்தான். விரல் ரேகைகளுக்குள் ஏதோ மினுங்கியது. மணல். பொடிப்பொடியான, வெள்ளைக் கடல் மணல். குழி முழுக்கக் கறுத்த களி. இந்த ஊரில் அள்ளக்கூட வெள்ளை மணல் கிடையாது. கிறீஸ் பூசிய கைதான் அதை எந்தக் கடற்கரையிலிருந்தோ கொண்டுவந்திருந்தது.

பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. எந்த எஞ்சினைக் கண்டாலும் உயிர் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம். பிளக் கழற்றப்பட்டிருந்தது. அவன் கிக்கரை உள்ளங்கையால் மெல்ல அமத்தினான். அது இறுகியிருக்கவில்லை. பிஸ்டன் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. பிளக் துவாரத்தால் ஒரு காற்று அவன் முகத்தில் பட்டது.

சூடான காற்று. உப்பு மணத்தது.

நித்திரையில் இருக்கிறவன் விடும் மூச்சுப்போல் இருந்தது அது.

"தம்பி."

கிணற்றடியிலிருந்து அருளம்மாவின் குரல். அவள் திரும்பவில்லை. கயிற்றை விடவும் இல்லை.

"துருப்பிடிச்சிருக்கோ தம்பி?"

உண்மை அவன் நாக்கில் வந்து நின்றது. உங்கள் பிள்ளை வந்துவிட்டான் அம்மா. எப்போதோ வந்துவிட்டான். நீங்கள் பஸ் நிலையத்திலும் கந்தோர் வாசல்களிலும் படத்தை ஏந்திக்கொண்டு நின்றபோதெல்லாம் அவன் இங்கே, உங்கள் தேசிமரத்தடியில் இருந்திருக்கிறான்.

அந்த வளைந்த முதுகைப் பார்த்தான். வாப்பாவின் கபுறில் அவன் மண் போட்டிருக்கிறான். இப்போதும் நினைத்தால் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. இந்த மனுசிக்கு இருப்பது ஒரு நம்பிக்கை மட்டும். அதையும் தன் வாயால் பிடுங்கிவிட்டுப் போவதா? பொய்தான் இரக்கம் என்று அந்த நேரத்தில் அவனுக்குப் பட்டது.

"துருதான் அம்மா," என்றான். "முழுக்கத் துரு. ஒண்டும் மிஞ்சேல்ல."

அவன் கைக்குக் கீழே, அமத்தியபடி இருந்த கிக்கர் தானாக மெல்ல மேலே எழுந்து நின்றது. பிளக் துவாரத்தில் மூச்சு ஒருமுறை உள்ளே இழுபட்டது. பிறகு அது வெளியே வரவில்லை. நெடுங்காலமாகச் சொல்ல வைத்திருந்த ஒன்றை, வாய் திறந்த பிறகு, ஒருவன் சொல்லாமல் விழுங்கிக்கொண்டதுபோல.

அருளம்மா சிரித்தாள். சிறுபிள்ளையின் சிரிப்பு.

"நான் சொன்னனானே! செல்வம்! எட செல்வம், துருவாம்! கேட்டியோ, முழுக்கத் துருவாம்!"

அவள் குழியடிக்கு வரவேயில்லை. வரவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. ஆட்களோடு செல்வராசா வந்து சேர்வதற்குள் ஜெஸீம் எல்லாவற்றையும் பழையபடி மூடிக் கட்டிவிட்டான். நால்வராய்த் தூக்கினார்கள்.

"துருவுக்கு இவ்வளவு பாரமோ?" என்று வந்தவர்களில் ஒருவன் முனகினான்.

செல்வராசா சிரிக்கவில்லை. குழியை மூடிவிட்டு, மண்வெட்டியில் ஊன்றி நின்று, "சரி," என்றார். "அப்ப இந்த வருசமும் பூசை இல்ல."

மன்னாருக்குப் போகும் பாலத்தைக் கடக்கும்போது கடல் இரண்டு பக்கமும் ஈயத்தகடாய்க் கிடந்தது. லொறியின் பின்னால் பொதி ஒருமுறை சரிந்து அமர்ந்த சத்தம் கேட்டது. களைத்துப்போன ஒருவர் தரையில் குந்தினால் அப்படித்தான் கேட்கும். ஜெஸீம் கண்ணாடியில் பார்க்கவில்லை. ரவுனுக்குள் நுழையும் இடத்தில் வீதியோரம் மேய்ந்துகொண்டிருந்த கழுதைகள், லொறி கிட்ட வந்ததும் ஒரேயடியாய்த் தலை தூக்கி, விலகி, பாதையை விட்டன.

திருத்தகத்தில் பொதியைப் பிரித்தான்.

உள்ளே சிவப்பு மாவு இருந்தது.

தாங்கி என்று தொட்ட இடத்தில் விரல் உள்ளே போனது. சிலிண்டர் ஹெட் பழைய புற்றுமண்போல் கையில் உதிர்ந்தது. சில்லுக் கம்பிகள் ஒவ்வொன்றாக ஒடிந்து விழுந்தன. வாப்பாவின் வண்டிக்கு அவன் தேடித் திரிந்த அந்தக் கிராங், பட்டை பட்டையாய்ப் பிரிந்து தூளானது. கிறீஸ் இல்லை. ரேகை இல்லை. ஈரத்துணி இருந்த இடத்தில் கறுத்த நூல் கொஞ்சம். அவன் சொன்ன பொய் அட்சரம் பிசகாமல் உண்மையாகிக் கிடந்தது. பொலித்தீனின் அடியில் மட்டும் ஒரு பிடி வெள்ளை மணல்.

அதைக் கையில் அள்ளியபோதுதான் ஜெஸீமுக்கு விளங்கியது.

அந்த வண்டி ஓட்டுவதற்காகக் காக்கப்படவில்லை. அம்மா ஒருநாள் கிண்டிப் பார்ப்பாள். பார்த்தால் அறிவாள். அறிந்தால் அழுவாள், மெழுகுதிரி கொளுத்துவாள், கோயிலில் பேரைக் குடுப்பாள். வேறு எந்த வழியிலும் தன் சாவைச் சொல்லத் தெரியாத ஒருவன், மண்ணுக்குள் இருந்து, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்து அதைச் சொல்ல முயன்றிருக்கிறான். வருசக்கணக்காய். அவன் சொல்ல வாய் திறந்த நாளில், இரக்கம் என்று நினைத்து, ஜெஸீம் அந்த வாயைப் பொத்திவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடி போனான். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று பாதை முழுக்க வசனங்களைக் கோத்துக்கொண்டு போனான். சாட்சிக்கு ஒன்றுமில்லை, ஒரு பிடி மணலைத் தவிர. என்றாலும் சொல்லிவிட வேண்டும்.

படலைக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தது. முற்றத்தில் ஒரு மெத்தை வெயிலில் காய்ந்தது. கொடியில் ஆண்பிள்ளை உடுக்கும், மடிப்புக் கலையாத புதுச் சாரம் ஒன்று.

"எட தம்பி! வாங்கோ, வாங்கோ!" அருளம்மாவின் முகமே மாறியிருந்தது. "அண்டைக்கு நீங்கள் சொல்லிப்போட்டுப் போன பிறகுதான் நான் ஒழுங்காய் நித்திரை கொண்டனான். அந்தச் சத்தமும் நிண்டுபோச்சு, அந்த மணமும் இல்ல. எல்லாம் என்ர மனப்பிராந்திதான். நத்தாருக்குள்ள அவன் வந்திடுவான், பாருங்கோவன்."

"அம்மா, அண்டைக்கு நான்..."

"தெரியும், தெரியும். உங்களுக்கு அதில ஒரு சாமானும் கிடைக்கேல்ல, என்ன? கவலைப்படாதையுங்கோ. அவன் வரட்டும். இந்த வண்டியளப் பற்றி அவனுக்குத் தெரியாத இடமில்ல. எங்கையெண்டாலும் தேடி எடுத்துத் தருவான். நான் சொல்லுறன் அவனுக்கு."

ஜெஸீம் கோத்துவைத்த வசனங்கள் ஒவ்வொன்றாய் அறுந்து விழுந்தன. சேட்டுப் பைக்குள் இருந்த மணலைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

அவள் குசினிக்குள் போனாள். பாத்திரம் கழுவும் சத்தம். கூடவே ஒரு கோயில் பாட்டை மெல்ல முணுமுணுக்கும் சத்தம். அவன் முற்றத்துக் கதிரையில் தனியே இருந்தான். தேசிமரத்தடியில் மூடிய மண் காய்ந்து வெடித்திருந்தது.

முதலில் காற்று என்று நினைத்தான்.

காற்று இல்லை. கொடியில் சாரம் அசையாமல் தொங்கியது.

தேனீயாக இருக்கும் என்று நினைத்தான்.

பிறகு காதைக் கூர்ந்தபோது அது தெளிவாய்க் கேட்டது. மண்ணுக்குள்ளிருந்து, மிக ஆழத்திலிருந்து, ஓர் ஆண் அழுகிற சத்தம். வாய்க்குள் துணியை வைத்து அடைத்துக்கொண்டு, வெளியே கேட்டுவிடக் கூடாது என்று அடக்கி அடக்கி, விக்கி விக்கி அழுகிற சத்தம்.

வாசலில் அருளம்மாவின் காலடி கேட்டது.

அழுகை சட்டென்று நின்றது. அம்மா வருகிறாள் என்று அவசரமாய் முகத்தைத் துடைத்துக்கொள்கிற பிள்ளையைப் போல.

"குடியுங்கோ தம்பி. என்ன, முகம் இப்பிடிக் கிடக்கு? சீனி காணாதோ?"

"காணும் அம்மா."

"எனக்குத் தெரியாதோ. இருங்கோ, இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாறன்."

அவள் பாட்டை விட்ட இடத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மண்ணுக்குள் அது மறுபடி தொடங்கியது.